பிடி விடாத கை

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணி தன் நாத்தனாரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கை மடிந்திருந்தது. மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, நான்கு விரல்களும் கட்டைவிரலை உள்ளே போட்டு மூடிக்கொண்டிருந்தன. இழுத்தால் திறக்காது, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நாலு மாதத்தில் அண்ணி அதைத் தெரிந்துகொண்டிருந்தாள். முதலில் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்க வேண்டும். அப்போது விரல்கள் தாமாகவே சற்றுத் தளரும். அந்த இடைவெளியில் சுண்டுவிரல் பக்கமாக நுழைந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த துணியை உருவினாள். துணி வியர்வையில் ஊறிப் புளித்த வாடை அடித்தது. உள்ளங்கையில் நகங்கள் பதிந்து நாலு சிவப்புக் குழிகள்.

"மெதுவா அண்ணி."

"மெதுவாத்தான் பண்றேன். இப்படிப் பூட்டி வெச்சிருக்கியே, உள்ள புதையல் ஏதாவது இருக்கா?"

"இருந்தா முதல்ல உங்க கழுத்துக்குத்தான் சங்கிலி செஞ்சு போடுவேன்."

"போட்டுக் கிழிச்ச." அண்ணி ஈரத்துணியால் உள்ளங்கையைத் துடைத்து, பவுடரைத் தூவி, புதுத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்தாள். விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன. கதவருகே நின்ற ஆள் நம்பர் கூப்பிட்டான். அவர்களுக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு முனையில் பிடித்து அவள் ஒரு உதறு உதறினால் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் வரும். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய கூடம் அது. நீராவியில் சூடேறிச் சுழலும் ஆளுயர உருளை ஒன்று நடுவில் இருக்கும். அதன் முன்னால் இரண்டு பேர் அக்கம்பக்கமாக நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை நகரும் பட்டையில் வைத்து உள்ளே விட வேண்டும். பதினொரு வருடமாக இடது முனை அண்ணிக்கு, வலது முனை பட்டாசுக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வேலைக்குச் சேர்த்தவளும் அண்ணிதான். அண்ணன் தூரத்தில் கட்டட வேலையில் இருந்தான். வருடத்தில் இரண்டு முறை வருவான். மற்ற நாட்களில் அந்த இரண்டு அறை வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு காலை பட்டாசு உதறிய விரிப்பு சத்தம் போடாமல் வலது முனையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ கேலிக்காகச் செய்கிறாள் என்று நினைத்து, மறுபக்கம் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த மடிப்பு மேசைப் பெண்கள் சிரித்தார்கள்.

பக்கவாதம் என்றார்கள். கால் ஆறு வாரத்தில் திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. கைதான் இப்படியே நின்றது. முதலில் துவண்டு கிடந்த கை, பிறகு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது. கொட்டாவி விட்டால்கூட முழங்கை மேலே ஏறி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் வரை அவள் இடத்தை வைத்திருப்போம் என்று சலவைக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதில் நாலு மாதம் போய்விட்டது. அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் அக்குபஞ்சர் ஊசியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வாரம் மூன்று நாள், மொத்தம் இருபத்து நாலு தடவை. அண்ணி இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் இரண்டு மணியிலிருந்து உருளை. பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஊசி அறையில் பச்சைத் திரை போட்டுப் பிரித்த நாலு கட்டில்கள். ஊசி டாக்டர் அறுபது வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். முதல் நாள் பட்டாசு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எப்போ குத்துவீங்க சார்?"

"மூணு குத்தியாச்சு."

முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசிகள். தலையில் இரண்டு, தோளில் ஒன்று, முழங்கையின் வெளிப்பக்கம் ஒன்று, முன்கையின் மேற்புறம் மூன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று. முன்கையில் இருந்த இரண்டு ஊசிகளில் சின்னக் கவ்விகளை மாட்டி, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியின் திருகைத் திருப்பினார். முன்கைத் தசை தானாகத் துள்ளியது. மூடியிருந்த விரல்கள் நிமிரப் பார்த்து, விழுந்து, மறுபடி நிமிரப் பார்த்தன. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஊசிகளை எடுத்ததும் பக்கத்து அறைக்கு ஓட வேண்டும். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் வாசலிலேயே நிற்பாள். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்த்தாக வேண்டும்.

"வாங்க வாங்க, சூடு ஆறுறதுக்குள்ள வாங்க. நின்னு பேசுறதெல்லாம் அப்புறம்."

கையை பெஞ்சின்மேல் விரித்து வைத்து, முழங்கையை நேராக்கி, தன் கையால் அழுத்திக்கொள்வாள். பட்டாசு தன் உடம்பு பாரத்தை அந்தக் கையில் இறக்க வேண்டும். தோள் நடுங்கும். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டும்.

"ஊசி போட்டா கை தளர்ந்துதானே இருக்கு. அப்புறம் எதுக்கும்மா இந்தச் சித்திரவதை?" என்று அண்ணி கேட்டாள்.

"ஊசி மட்டும் போட்டு வீட்டுக்குப் போனா சாயந்தரத்துக்குள்ள திரும்ப மூடிக்கும்க்கா. இவங்க மூளையிலேருந்து 'பிடி'ங்கிற சேதி ஓயாம வந்துட்டே இருக்கு. 'விடு'ங்கிற சேதி வந்து சேரல. ஊசி அந்தக் கூச்சலக் கொஞ்சம் குறைக்குது. அந்த நேரம் பார்த்து 'விடு'ன்னு நாம சொல்லிக் குடுக்கணும். ஊசியும் பயிற்சியும் ஒண்ணா இருந்தாத்தான் கொஞ்சமாவது நிக்கும். நிக்கும்னும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்."

மேசையில் மரக் குச்சிகளும் ஒரு தகர டப்பாவும் இருந்தன. குச்சியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். எடுப்பது மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது. போடுவது வரவில்லை. டப்பாவின் வாய்க்கு மேல் கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பல்லைக் கடித்தால் கை இன்னும் இறுகும்.

"கடிக்காதீங்க. மூச்ச விடுங்க. அவசரப்பட்டா வராது. கோபப்பட்டாலும் வராது."

"நான் கோபப்படாம இருந்தா எனக்குப் பட்டாசுன்னு பேரு எதுக்கு?"

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் தகர டப்பாவில் ணங்கென்று சத்தம் கேட்டது. சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த அண்ணி திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்ன ஒடஞ்சுது?"

"ஒண்ணும் ஒடையல அண்ணி. விட்டுட்டேன்."

அண்ணி டப்பாவை எட்டிப் பார்த்தாள். ஒரு குச்சி கிடந்தது. "இன்னொண்ணு போடு, பார்க்கறேன்" என்றாள். இன்னொன்று போட ரொம்ப நேரம் ஆனது. அண்ணி நின்றுகொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பயிற்சிப் பெண் வார்டிலிருந்து ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். முனையைப் பிடித்து, இழுத்து, வைத்து, விட வேண்டும். பிடித்த கை விடுவதற்கு முதலில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ண வேண்டியிருந்தது. எட்டாவது வாரக் கடைசியில் மூன்று எண்ணினால் போதும். அதுவும் ஊசி எடுத்த கையோடு, வெதுவெதுப்பான அறையில்.

"உருளைல எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று பயிற்சிப் பெண் கேட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள போயிரும்" என்றாள் அண்ணி.

"அப்போ உருளை வேண்டாம். மடிப்பு மேசையில போடச் சொல்லி நான் கடிதம் தர்றேன். உங்க பிரச்சினை பிடிக்கிறது இல்ல, விடறது. ஞாபகம் வெச்சுக்குங்க. குளிர்ல ரொம்ப இறுகும்." கடிதத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். ஒரு பெரிய நோட்டில் பட்டாசின் பெயருக்கு எதிரே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினாள். பட்டாசு இடது கையால் கோணலாகப் போட்டாள்.

சலவைக்கூடத்துக்குப் புதன்கிழமைதோறும் கம்பெனி டாக்டர் வருவார். அன்று பதினொரு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. காதில் போனை வைத்தபடியே பட்டாசுக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டினார்.

"பிடிங்க. நல்லா இறுக்கிப் பிடிங்க."

பிடித்தாள்.

"அடேயப்பா! போதும்மா, போதும். விரல ஒடிச்சிருவீங்க போல. உங்களுக்கா கை வரலன்னு சொன்னாங்க?" சிரித்தார். "சரி, விடுங்க."

விரல்கள் விடவில்லை. ஒன்று எண்ணினாள், இரண்டு எண்ணினாள். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் பலத்தக் காட்டட்டுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே, இடது கையை மேலே வைத்து, வலது மணிக்கட்டை மெல்ல உள்ளே மடக்கினாள். விரல்கள் தளர்ந்தன. டாக்டர் தன் விரல்களை உருவிக்கொண்டு, தாளில் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதினார். பயிற்சிப் பெண்ணின் கடிதத்தை அதற்குப் பின்னால் வைத்துக் குத்தினார்.

சூப்பர்வைசர் இரண்டையும் படித்துப் பார்த்தார். "மடிப்பு மேசைல ஆள் நிறைஞ்சிருக்கு. தகுதின்னு டாக்டரே எழுதிட்டாரு, அப்புறம் என்ன? உருளைல உங்க இடம் காலியா இருக்கு. ஏறினா ஏறுங்க. இல்லேன்னா இந்த வாரத்தோட ஆறு மாசம் முடியுது, நான் வேற ஆள் போட்டுக்கறேன்."

வெளியே வந்து சுவர் நிழலில் நின்றார்கள். எதிரே ஒரு வண்டியிலிருந்து அழுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போய் உண்மையச் சொல்லிடலாமா?" என்றாள் அண்ணி.

"சொன்னா?"

அண்ணி இறங்கும் மூட்டைகளைப் பார்த்தாள்.

"சொன்னா வீட்டுல உக்காந்து, எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற உங்களுக்கு நான் ஒத்தக் கையால வெந்நீர் வெச்சுத் தரணும். அதுதானே அண்ணி?"

"அப்படி நான் எப்பவாவது சொன்னேனா?"

"நீங்க சொல்லல. எனக்கே தெரியுது."

அண்ணி செருப்பு நுனியால் தரையைக் கிளறினாள். "நானும் காலை ஷிப்டுக்கே திரும்பிடறேன். பக்கத்துலயே நிக்கறேன். இடது கையால பிடி. வலது கை சும்மா கூட வரட்டும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி."

முதல் மூன்று நாள் அப்படியே போனது. பட்டாசு இடது கையால் முனையை வைத்தாள்; வலது கையை விரிப்பின்மேல் தட்டையாகப் படிய வைத்துத் தள்ளினாள். வேகம் குறைந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அண்ணி கையை வீசினாள். மடிப்பு மேசைப் பெண்கள் மறுபக்கத்திலிருந்து, "பட்டாசு நமுத்துப் போச்சா?" என்று கேலி செய்தார்கள். "வெயில்ல காய வெச்சா வெடிப்பேன்" என்று அவளும் சொன்னாள்.

நாலாவது நாள் ஒரு பெரிய ஓட்டலின் விரிப்புகள் வந்தன. பிழியும் மெஷின் ஒன்று பழுதாகிக் கிடந்ததால் விரிப்புகள் சொட்டச் சொட்ட ஈரமாகவும் ஐஸ் போலவும் வந்தன. பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து பட்டையின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார். உருளைக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி உண்டு. கை தவறிப் பட்டால் மெஷின் உடனே நின்றுவிடும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மெஷின் நின்றுவிடுகிறது என்று சொல்லி, போன வருடமே அந்தக் கம்பியைத் தூக்கி ஒரு கட்டுக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

வழுவழுத்த ஒரு விரிப்பு இடது கையிலிருந்து நழுவியது. பிடிக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே வலது கை போய் அதைப் பிடித்தது. நன்றாகப் பிடித்தது. பட்டை விரிப்பை இழுத்தது. விரிப்பு கையை இழுத்தது.

"அண்ணி" என்றாள். கத்தக்கூட இல்லை.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பட்டாசின் முழங்கை நேராக நீண்டிருந்தது. எட்டு வாரமாக ஊசி போட்டும் பெஞ்சில் அழுத்தியும் அவ்வளவு நேராக அது ஒரு நாளும் நீண்டதில்லை. அண்ணி எம்பி, அவசரத்துக்கு மெஷினை நிறுத்தத் தலைக்கு மேலே ஓடிய சிவப்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். உருளை இன்னும் ஒரு சாண் சுற்றிவிட்டு நின்றது.

விரல் முட்டிகளும் புறங்கையும் சூட்டில் படிந்திருந்தன. தோல் கருகிய வாடை எழுந்தது. மெஷின் நின்ற பிறகும் கை விரிப்பை விடவில்லை. ஆளாளுக்கு இழுங்க, வெட்டுங்க என்று கத்தினார்கள். "யாரும் தொடாதீங்க!" என்று அண்ணி போட்ட சத்தத்தில் கூடம் அடங்கியது. அவள் அந்த மணிக்கட்டைத் தன் இரண்டு கைக்குள் எடுத்து, உள்ளே மடக்கி, மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே சுண்டுவிரலிலிருந்து பிரித்தாள். அவள் பிரித்த இடத்தில் துணியோடு தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்கள். பட்டாசின் கையில் முழங்கை வரை கட்டு. மேனேஜர் சத்தம் போடாமல்தான் பேசினார்.

"கை ஏன் விடல?"

"அது நோய் வந்த கை சார். குளிர்ல இறுகிக்கும்."

"அப்போ இது பழைய நோயினால வந்தது. இங்க வந்து நடந்த விபத்து இல்ல. இதோ, ஆஸ்பத்திரிக் கடிதத்துலயே போட்டிருக்கு, விடறதுதான் கஷ்டம்னு."

"அந்தக் கடிதத்தப் படிச்சுட்டுத்தானே சார் அன்னிக்கு உங்க சூப்பர்வைசர் உருளைல ஏறச் சொன்னாரு?" என்றாள் அண்ணி. "தகுதின்னு எழுதினது உங்க டாக்டர். கம்பியத் தூக்கிக் கட்டினது உங்க ஆளுங்க."

மேனேஜர் பட்டாசைப் பார்த்தார். "பரிசோதனையில கை விடலன்னு டாக்டர்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

பட்டாசு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"சொல்லல. மறைச்சிருக்கீங்க. நான் அதப் பெரிசு பண்ண விரும்பல. ஆறு மாசமும் முடிஞ்சு போச்சு. வீட்டுல இருந்து உடம்பப் பார்த்துக்குங்க." அண்ணியின் பக்கம் ஒரு தாளை நகர்த்தினார். "நாற்பது நிமிஷம் மெஷின் நின்னுருக்கு. சிவப்புக் கயிற இழுத்தா முதல்ல சூப்பர்வைசர் கிட்ட சொல்லணும். இது எச்சரிக்கைக் கடிதம். ஒண்ணுமில்ல, வழக்கமா குடுக்கறதுதான்."

புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அப்படியே ஊசி அறை வராந்தாவுக்கும் போனார்கள். கதவருகே நின்ற ஆள் நம்பர் தரவில்லை. உள்ளேயிருந்து பயிற்சிப் பெண் வந்தாள். கட்டைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"உருளையா?"

"உருளைதான்."

அவள் உள்ளே போய்ப் பெரிய நோட்டை எடுத்து வந்து பெஞ்சில் வைத்துத் திறந்தாள். பட்டாசின் பெயருக்கு எதிரே 'முடிந்தது. வேலைக்குத் திரும்பினார்' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

"இது மேலிடத்துக்குப் போயிருச்சுக்கா. இந்தத் தடவ நாற்பது பேர்ல நாலு பேர்தான் வேலைக்குத் திரும்பினவங்க. அதுல நீங்க ஒருத்தங்க. திரும்ப ஊசி வேணும்னா புதுசாப் பதிஞ்சு வரிசைல நிக்கணும். இப்போ அஞ்சு மாசம் ஆகுது. முன்னாடி இன்னொருத்தருக்காக நான் டாக்டர்கிட்ட கேட்டேன், அவரு ஆபீஸ்ல கேட்டாரு..." அவள் முடிக்கவில்லை. உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்கம்மா. உங்களுக்கு ஆள் காத்துட்டிருக்கு" என்றாள் பட்டாசு.

"புண்ணு ஆறினதும் வீட்டுல பண்ணுங்க. விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள். திறந்த கதவு வழியாகத் தகர டப்பாவில் யாரோ குச்சி போடும் சத்தம் கேட்டது. அடுத்தடுத்து இரண்டு. பட்டாசு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "நல்லாப் போடறாங்க" என்றாள்.

அண்ணி அவளை வீட்டில் விட்டு, கட்டுக்கு மேல் நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு, சலவைக்கூடத்துக்கு நடந்தாள். அன்று அவளை மறுபடி இரண்டாவது ஷிப்டில் போட்டிருந்தார்கள். வாசலுக்குள் கார்டு அடிக்கும் இடத்தில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை. காவலாளி வழியில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

சுவரில் பச்சை நிறப் பலகை. 'விபத்தில்லாமல் வேலை நடந்த நாட்கள்' என்று மேலே பெயின்டில் எழுதியிருந்தது. கீழே சாக்பீஸில் 217.

"காலைல எழுதவே மறந்துட்டேன்" என்றார் காவலாளி, யாரிடமும் இல்லாமல்.

"போன வாரம் நடந்தது?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் கீழே பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் குரல் இறங்கியது. "அது நோய்க் கணக்குல போயிருச்சாம்மா. நம்பர நிறுத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு என்ன தெரியும்?"

"கொஞ்சம் சீக்கிரம்ணே, ஷிப்ட் ஆரம்பிச்சிரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் சட்டைக் கைமுனையால் ஏழைத் துடைத்துவிட்டு எட்டு போட்டார். ஸ்டூலிலிருந்து இறங்கிப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார். எட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறுபடி ஏறி, அதை அழித்துவிட்டு, நேராக எழுதினார்.